ஷாக்லி ஆய்வகத்தின் எண்மர் விலகல் (1957)

ஷாக்லி குறைக்கடத்தி ஆய்வகம் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1957 செப்டம்பரில் எட்டு அறிவியலாளர்களும் பொறியாளர்களும் ஒன்றாக விலகினர். இந்நிகழ்வே எண்மர் விலகல் எனப்படுகிறது. ஆங்கில நூல்கள் இவர்களைத் 'துரோக எண்மர்' என்று குறிப்பிடுகின்றன. நோபல் பரிசு பெற்ற ஒருவரின் தலைமையில், அக்காலத்தின் மிகப் புதிய துறையில், நல்ல ஊதியத்தில் பணியாற்றிய இளைஞர்கள் ஓராண்டு சற்றே கடந்ததும் ஏன் வெளியேறினர் என்ற கேள்வி மேலாண்மைக் கல்வியில் இன்றும் பேசப்படுகிறது. ஊதியம், நிர்வாகம், அங்கீகாரம் ஆகிய மூன்றும் ஒரு பணியாளரின் மனக்குறையில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை அறிய இது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

வில்லியம் ஷாக்லி பெல் ஆய்வகத்தில் திண்மநிலை இயற்பியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அக்குழுவைச் சேர்ந்த ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டெய்னும் 1947 டிசம்பரில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அதன் காப்புரிமையில் ஷாக்லியின் பெயர் இடம்பெறவில்லை. இதனால் மனம் புழுங்கிய அவர், தனியே உழைத்துச் சந்தி டிரான்சிஸ்டர் என்ற மேம்பட்ட வடிவத்தை உருவாக்கினார். 1956-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆனால் அதற்கு முன்பே மூவரும் பிரிந்துவிட்டனர். ஷாக்லியின் கீழ் தொடர்ந்து பணியாற்ற இயலாது எனக் கருதிய பார்டீன் 1951-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பிராட்டெய்ன் வேறு குழுவுக்கு மாறிக்கொண்டார். ஷாக்லிக்கும் பெல் ஆய்வகத்தின் மீது மனக்குறை இருந்தது. தம் தகுதிக்கேற்ற பதவி உயர்வும் பண ஆதாயமும் கிடைக்கவில்லை என்று எண்ணிய அவர், 1955-இல் அங்கிருந்து விலகினார். பின்னாளில் தம் பணியாளர்களிடம் அவர் எதிர்கொண்ட குறைகள் ஒரு காலத்தில் அவருடைய சொந்தக் குறைகளாகவும் இருந்தன.

ஆய்வகத்தின் தொடக்கம்

வேதியியலாளரும் தொழிலதிபருமான ஆர்னால்டு பெக்மன், தம் கருவி உற்பத்தி நிறுவனத்தின் ஒரு பிரிவாக ஷாக்லிக்கு ஆய்வகம் அமைத்துத்தர முன்வந்தார். 1956-இல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், சான் அந்தோனியோ சாலை 391 என்ற முகவரியில் ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. அப்போது அப்பகுதியில் பழத்தோட்டங்களே மிகுதி.

அக்காலத்தில் பெரும்பாலான டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தில் செய்யப்பட்டன. வெப்பத்தைத் தாங்கும் சிலிக்கானே எதிர்காலம் என்று ஷாக்லி கணித்தார். அக்கணிப்பு முற்றிலும் சரியானது. திறமையாளர்களை இனங்காண்பதிலும் அவர் வல்லவர். ராபர்ட் நாய்ஸ், கோர்டன் மூர், ழான் ஹோர்னி, யூஜின் கிளைனர், ஜே லாஸ்ட், ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச், ஷெல்டன் ராபர்ட்ஸ் ஆகியோர் பல்கலைக்கழகங்களிலிருந்தும் தொழில் நிறுவனங்களிலிருந்தும் வந்து சேர்ந்தனர். விலகும்போது இவர்களுள் ஒருவரும் 35 வயதை எட்டியிருக்கவில்லை.

வேலைக்குச் சேருமுன் உளவியல் தேர்வையும் நுண்ணறிவுத் தேர்வையும் எழுத வேண்டும் என்பது ஷாக்லியின் விதி. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கும் விலக்கு இல்லை. இத்தேர்வுகளைப் பலர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். ஆயினும், ஆளை அளந்து பார்க்கும் அந்தப் போக்கு பின்னர் நாள்தோறும் தொடர்ந்தபோது வேடிக்கை மறைந்தது.

மனக்குறைகள்

எண்மரின் குறைகளை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஊதியத்தைக் கையாண்ட முறை. அனைவருடைய சம்பளத்தையும் ஷாக்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தார் என்று அவரைப் பற்றிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்பது அவருடைய எண்ணமாக இருந்திருக்கலாம். ஆனால் எந்த அளவுகோலின்படி ஒருவருக்குக் கூடுதலாகவும் மற்றொருவருக்குக் குறைவாகவும் தரப்படுகிறது என்ற விளக்கம் இல்லாமல் தொகை மட்டும் வெளியானால், அது ஒப்பீட்டையும் கசப்பையுமே வளர்க்கும். சம்பளம் போதவில்லை என்பதைவிட, தம் மதிப்பை ஒருவர் எண்ணாக்கிச் சுவரில் ஒட்டுகிறார் என்பதே மனத்தைத் தைத்தது.

இரண்டாவது, நம்பிக்கையின்மை. பணியாளர் ஒருவர் ஒரு முடிவைச் சொன்னால், அது சரிதானா என்று பெல் ஆய்வகத்திலுள்ள பழைய நண்பர்களிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்வது ஷாக்லியின் வழக்கம். ஒருமுறை அலுவலகப் பெண் ஒருவரின் கையைக் கதவிலிருந்த கூரிய உலோகத்துண்டு கீறிவிட்டது. யாரோ வேண்டுமென்றே வைத்த பொறி அது என்று ஐயுற்ற ஷாக்லி, பணியாளர்கள் பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றார். உலோகவியலாளரான ராபர்ட்ஸ் அத்துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அது தலை உடைந்துபோன சாதாரண அழுத்தாணி எனத் தெரியவந்தது. சதி ஏதும் இல்லை. ஆனால் அந்த ஐயம் விட்டுச்சென்ற வடு ஆறவில்லை.

மூன்றாவது, ஆய்வின் திசை. சிலிக்கான் டிரான்சிஸ்டரை உருவாக்கவே தாங்கள் அழைக்கப்பட்டதாக எண்மர் கருதினர். ஷாக்லியோ தாம் கண்டுபிடித்த நான்கடுக்கு டையோடின் மீது கவனத்தைத் திருப்பினார். தொலைபேசி இணைப்பகங்களில் பயன்படக்கூடிய அக்கருவியை ஒரே தரத்தில் உற்பத்தி செய்வது மிகக் கடினமாக இருந்தது. விற்கத்தக்க பொருள் ஒன்றும் வெளிவராமலே மாதங்கள் கழிந்தன.

நான்காவது, அங்கீகாரம். ஆய்வகத்தின் எந்த முன்னேற்றமும் தலைவரின் பெயரோடு கலந்துவிடும் நிலை இருந்தது. பெல் ஆய்வகத்தில் தம் பெயர் விடுபட்டதற்கு வருந்திய ஒருவரின் ஆய்வகத்தில் இது நேர்ந்தது.

ஒரு கட்டுரையும் ஒரு முரணும்

ஆராய்ச்சியாளர்களின் ஊதியம் பற்றி ஷாக்லி சிந்திக்காதவர் அல்லர். ஆய்வகங்களில் தனிமனிதரின் ஆக்கத்திறன் எவ்வாறு வேறுபடுகிறது என்பதைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1957 மார்ச்சில், அதாவது எண்மர் விலகுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், வெளிவந்தது. ஒரே ஆய்வகத்தில் பணியாற்றுவோர் வெளியிடும் கட்டுரைகளின் எண்ணிக்கை பல மடங்கு வேறுபடுகிறது என்று அதில் அவர் காட்டினார். சிக்கலைத் தேர்ந்தெடுத்தல், அதில் உழைத்தல், முடிவை உணர்தல், எழுதி முடித்தல் போன்ற பல திறன்கள் ஒன்றையொன்று பெருக்குவதால், ஒவ்வொன்றிலும் சிறிதளவே முந்தியிருப்பவர் மொத்தத்தில் பெரிதும் முந்திவிடுகிறார் என்பது அவருடைய விளக்கம். ஆனால் ஆக்கத்திறன் உயரும் வேகத்துக்கு ஊதியம் உயர்வதில்லை என்பதையும் அவர் சுட்டினார்.

திறமையாளர்களுக்குத் தகுந்த ஊதியம் கிடைப்பதில்லை என்பதைக் கணக்கிட்டு எழுதியவரின் ஆய்வகத்திலிருந்தே திறமையாளர்கள் வெளியேறினர். அளக்கத் தெரிந்திருப்பதும் மதிக்கத் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

முறையீடும் தோல்வியும்

எண்மர் உடனே வெளியேறிவிடவில்லை. 1957 கோடையில் நாய்ஸ் நீங்கலாக எழுவர் முதலில் பெக்மனிடம் முறையிட்டனர். மூர் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். தொடர்ந்து சந்திப்புகளும் நடந்தன. ஷாக்லியை ஆலோசகராக வைத்துக்கொண்டு, அன்றாட நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம் என்பது அவர்களின் வேண்டுகோள். பெக்மன் முதலில் இசைவுடன் கேட்டார். பின்னர், நோபல் பரிசு பெற்றவரைப் பதவியிறக்கினால் அவருடைய வாழ்க்கையே பாழாகும் என்று எண்ணிப் பின்வாங்கினார். நடுவில் ஒரு மேலாளர் அமர்த்தப்பட்டாலும் இறுதிச் சொல் ஷாக்லியிடமே இருந்தது. முறையீடு செய்தவர்கள் இப்போது யாருக்கு எதிராகப் பேசினார்களோ அவரின் கீழேயே பணியாற்ற வேண்டிய நிலை வந்தது.

விலகல்

கிளைனரின் தந்தைக்கு நியூயார்க்கிலுள்ள ஹேடன் ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துடன் தொடர்பு இருந்தது. எங்கள் குழுவை அப்படியே வேலைக்கு அமர்த்தும் நிறுவனம் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டு அங்குக் கடிதம் அனுப்பப்பட்டது. ஆர்தர் ராக் என்ற இளம் அலுவலர் தம் மேலாளருடன் கலிஃபோர்னியாவுக்கு வந்தார். நீங்களே ஒரு நிறுவனம் தொடங்கினால் என்ன என்று அவர்கள் கேட்டனர். அதுவரை எழுவருக்கு அப்படி ஓர் எண்ணமே இருந்ததில்லை. நாய்ஸும் இறுதியில் சேர்ந்துகொண்டார். முறையான ஒப்பந்தத்தாள் கையில் இல்லாததால், ஒரு டாலர் நோட்டுகளில் அனைவரும் கையொப்பமிட்டு உடன்படிக்கை செய்துகொண்டனர்.

ராக் அணுகிய முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மறுத்துவிட்டன. இறுதியில் ஷெர்மன் ஃபேர்சைல்டின் ஒளிப்படக்கருவி நிறுவனம் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. எண்மரும் ஆளுக்கு 500 டாலர் செலுத்தித் தலா 100 பங்குகள் பெற்றனர். ஹேடன் ஸ்டோனுக்கு 225 பங்குகள். இனி வரும் மேலாளர்களுக்காக 300 பங்குகள் ஒதுக்கப்பட்டன. பங்குகள் அனைத்தையும் 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை ஃபேர்சைல்டுக்கு இருந்தது. 1957 செப்டம்பர் 18 அன்று எண்மரும் ஷாக்லியிடம் விலகலை அறிவித்தனர்.

கலிஃபோர்னியச் சட்டமும் இவர்களுக்குத் துணையாக இருந்தது. ஒருவர் வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது எனக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் அம்மாநிலத்தில் செல்லாது.

விளைவுகள்

ஃபேர்சைல்டு குறைக்கடத்தி நிறுவனத்தின் முதல் பெரிய ஆணை, ஐபிஎம் நிறுவனத்துக்கு 100 சிலிக்கான் டிரான்சிஸ்டர்களைத் தலா 150 டாலர் விலையில் வழங்குவதாகும். 1959-இல் ஹோர்னி சமதள முறையை உருவாக்கினார். அதே ஆண்டில் நாய்ஸ் அம்முறையின் அடிப்படையில் ஒருங்கிணைந்த சுற்றை வடிவமைத்தார். இன்றைய சில்லு உற்பத்தி இவ்விரண்டின் மீதே எழுந்தது.

ஷாக்லியின் ஆய்வகம் ஒருபோதும் இலாபம் காணவில்லை. 1960-இல் அது கிளெவைட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஷாக்லி பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஆயினும் மனக்குறை அத்துடன் ஓயவில்லை. 1959-இல் தாய் நிறுவனம் தன் உரிமையைப் பயன்படுத்திப் பங்குகளை வாங்கிக்கொண்டது. 500 டாலர் போட்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள தாய் நிறுவனப் பங்குகள் கிடைத்தன. ஆனால் உரிமையாளர்களாக இருந்தவர்கள் மீண்டும் பணியாளர்களாயினர். ஈட்டிய இலாபம் கிழக்குக் கரையிலுள்ள தலைமையகத்துக்குச் சென்று வேறு தொழில்களில் செலவிடப்பட்டது. பங்கு விருப்புரிமை மிகச் சிலருக்கே தரப்பட்டது. 1961-இல் ஹோர்னி, லாஸ்ட், ராபர்ட்ஸ், கிளைனர் ஆகியோர் விலகி அமெல்கோ நிறுவனத்தைத் தொடங்கினர். 1967-இல் உற்பத்தித் தலைவர் சார்லஸ் ஸ்போர்க் நேஷனல் செமிகண்டக்டருக்குச் சென்றார். 1968-இல் நாய்ஸும் மூரும் வெளியேறி இன்டெல் நிறுவனத்தை நிறுவினர். பங்கு விருப்புரிமையைப் பணியாளர்களுக்குப் பரவலாக வழங்குவது சிலிக்கான் பள்ளத்தாக்கின் வழக்கமாக வளர்ந்ததற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணம்.

கோட்பாட்டு நோக்கு

பணியாளர் மனக்குறை பற்றிய மூன்று கோட்பாடுகள் இந்நிகழ்வுக்குப் பொருந்துகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க், ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நிறுவனக் கொள்கை, மேற்பார்வை, ஊதியம் ஆகியவை சரியில்லாதபோது அதிருப்தி எழுகிறது. ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் நிறைவு வந்துவிடாது. நிறைவு தருவன சாதனை, அங்கீகாரம், பணியின் தன்மை ஆகியவை. ஷாக்லியின் ஆய்வகத்தில் இரு பக்கமும் பழுதுபட்டிருந்தது.

1960-களில் ஸ்டேசி ஆடம்ஸ் முன்வைத்த சமன்மைக் கோட்பாட்டின்படி, ஒருவர் தம் ஊதியத்தைத் தனித்துப் பார்ப்பதில்லை. தம் உழைப்பையும் வரவையும் அருகிலுள்ளவரின் உழைப்போடும் வரவோடும் ஒப்பிட்டே நியாயத்தை முடிவுசெய்கிறார். சுவரில் ஒட்டிய சம்பளப் பட்டியல் அந்த ஒப்பீட்டைக் கண்முன் வைத்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், அதிருப்தியுற்றவர்க்கு இரு வழிகள் உண்டு என்றார். ஒன்று வெளியேறுவது, மற்றொன்று குரல் எழுப்புவது. பற்று இருக்கும்வரை மக்கள் குரல் எழுப்புவர். அக்குரலுக்குப் பயனில்லை என்று தெரியும்போது வெளியேறுவர். எண்மர் இரண்டையும் இதே வரிசையில் செய்தனர்.

மதிப்பீடு

'துரோகம்' என்ற சொல் இந்நிகழ்வுக்குப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. எண்மர் முதலில் தலைவருக்கு மேலுள்ளவரிடம் முறைப்படி பேசினர். தாங்கள் விரும்பிய மாற்றத்தையும் தெளிவாகச் சொன்னர். அது மறுக்கப்பட்ட பின்னரே வெளியே பார்த்தனர். அப்போதும் அவர்கள் தேடியது, சேர்ந்து பணியாற்ற ஓர் இடத்தைத்தான்.

மறுபுறம், சிலிக்கானைத் தேர்ந்ததும் எண்மரை ஓரிடத்தில் சேர்த்ததும் ஷாக்லிதான். அவர் அழைத்திராவிட்டால் அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே மாட்டார்கள். சிறந்த ஆய்வாளர் நல்ல நிர்வாகியாகவும் இருப்பார் என்று கருதியதே பெக்மனின் பிழை. குறையைக் கேட்டும் தீர்க்காமல் விட்டது அதனினும் பெரிய பிழை. முறையிட வருபவர் இன்னும் நிறுவனத்தை நம்புகிறார். அந்த நம்பிக்கை இருக்கும்போது ஒரு மேலாளரை மாற்றினால் போதும் என்றிருந்த சிக்கல், அது போனபின் ஓர் ஆய்வகத்தையே விலையாகக் கேட்டது.