கத்திரிக்காய் சாப்பிட்டா நாக்கு அரிக்குதா? அலர்ஜியானு கண்டுபிடிக்க உதவும் ‘ஊசி டெஸ்ட்’!

கத்திரிக்காய் குழம்பு சாப்பிட்டதும் நாக்கு அரிக்கிறது, வாழைப்பழம் சாப்பிட்டால் உதடு தடிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். "நமக்கு அலர்ஜிப்பா" என்று அந்தக் காயை ஆயுசுக்கும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனா, எல்லா அரிப்பும் அலர்ஜி இல்லை!

மைசூருவில் 741 பேரிடம் நடத்தி, 2008-ல் வெளியான ஆய்வில், கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம். நிஜ அலர்ஜி இருந்ததோ 0.8 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு, அந்தக் காயிலேயே இருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள்தான் காரணமாகக் கருதப்பட்டன.

டெஸ்ட் எப்படி நடக்கும்?

முன்கையில் ஒரு சொட்டு சாறு வைத்து, அதன்மேல் ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். பக்கத்திலேயே உப்புநீர், ஹிஸ்டமின் சொட்டுகளும் வைக்கப்படும். 15 முதல் 20 நிமிடம் கழித்து, உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் ‘பாசிட்டிவ்’.

நிஜப் பழம் எதுக்கு?

பழம், காய்களில் அலர்ஜியைத் தூண்டும் புரதங்கள் பல சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் பாட்டில் சாறு சில நேரம் ஏமாற்றிவிடும். பழத்தில் குத்திய ஊசியாலேயே தோலிலும் குத்துவது இதற்காகத்தான். பச்சையாகச் சாப்பிட்டால் அரிப்பதும், வேகவைத்தால் ஒன்றும் ஆகாததும் பலருக்கு இதே காரணத்தால்தான்.

பாசிட்டிவ்னா அலர்ஜி உறுதியா?

இல்லை. டெஸ்டில் தடித்தாலும், சாப்பிடும்போது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். சந்தேகம் இருந்தால், மருத்துவமனையில் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

இதை மறக்காதீங்க

* செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் ரிசல்ட்டை மறைத்துவிடும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிக்குமா? கட்டாயம் சொல்லுங்கள். ரப்பர் அலர்ஜி உள்ள சிலருக்கு வாழை, பப்பாளி, கிவியும் சேராது.
* வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாப்பிட்டவுடன் மூச்சு முட்டினாலோ, முகம், தொண்டை வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ டெஸ்ட்டெல்லாம் அப்புறம். முதலில் 108-ஐ அழையுங்கள்!