பால்கனிக்குள் ஒரு மழைக்காடு

1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகிற்கு மகன் திப்பு வெளிநாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்தார். பங்களாக்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்ட பெங்களூரில் அந்த ஆசை இப்போது நாலடி பால்கனிக்குள் ஒடுங்கியிருக்கிறது. மான்ஸ்டெராவும் ஆந்தூரியமும் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் மர நிழலில் வளர்பவை. எதிர்வீட்டுச் சுவர் வெயிலை மறைத்தால் அவற்றுக்கு வசதியே. உயரமானவற்றைப் பின்னால் நிறுத்தி, பெரணிகளை மேலே தொங்கவிட்டு, தொட்டிகளை நெருக்கி வைத்தால் காற்றில் ஈரம் தங்கும்.

சிக்கல் தண்ணீர்தான். 2024 மார்ச் தட்டுப்பாட்டில், தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் ரூ. 5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. செடிப் பிரியர்கள் பாடு திண்டாட்டம்! அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் போதும்; மண்மேல் தேங்காய் நார் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. ஆர்.ஓ. கழிவுநீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு பெரணியின் இலைநுனியைக் கருக்கிவிடும்.