பாலர் பள்ளிக்கு முன்னே

விஜயதசமி நாளிலே ஏடு தொடக்கும் வழக்கம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்றும் நடைபெறுகின்றது. குருக்களோ ஆசிரியரோ பிள்ளையை மடியில் இருத்தி, தாம்பாளத்திற் பரப்பிய அரிசியிலே அதன் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கின்றனர். அன்று பிள்ளை எழுத்தைக் கற்றுக்கொள்வதில்லை. பெற்றோரல்லாத ஒருவரின் மடியில் அமர்ந்து, அவர் கையிலே தன் கையை ஒப்படைக்கின்றது. முன்பள்ளிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கு வேண்டிய ஆயத்தத்தின் பெரும்பகுதி இதுவே.

ஆயினும் பெற்றோர் பலர் எழுத்தையே ஆயத்தமெனக் கருதி, மூன்று வயதுப் பிள்ளையின் கையிற் பென்சிலைத் திணிக்கின்றனர். 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் நகரிலே பாலர்க்கென ஒரு நிலையத்தைத் தொடங்கிய புரோபெல், பின்னர் அதற்குச் சூட்டிய பெயர் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படுவது. நூற்பந்தும் மரக்கட்டையும் பாட்டுமே ஆங்கு பாடங்கள். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி அம்மையாரும் பொத்தான் பூட்டுதல், நீர் வார்த்தல் முதலிய அன்றாட வேலைகளுக்கு முதலிடம் அளித்தார். எழுத்துக்கு வேண்டிய விரற்பயிற்சி அவ்வேலைகளிலேயே அடங்கியுள்ளது.

மட்டக்களப்புக்கு உரிய ஒரு நிலைமையையும் ஈண்டு எண்ணுதல் தகும். மணமான மகள் தாய்வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்வது இப்பகுதியின் நெடுங்கால வழக்கம். ஆதலின் பிள்ளை அம்மம்மாவின் மடியிலும் பெரியம்மா, சின்னம்மாமாரின் இடுப்பிலும் வளர்கின்றது. அழுமுன் தூக்குவார் உளர். கேட்குமுன் கொடுப்பார் உளர். இது பெரும் பேறுதான். ஆனால் ஓர் ஆசிரியை பல பிள்ளைகளைப் பார்க்கும் இடத்திலே கேளாமல் எதுவும் கிடைப்பதரிது. தாகமென்றோ, மலசலகூடம் செல்லவேண்டுமென்றோ வாய்திறந்து சொல்லத் தெரியாத பிள்ளை, நனைந்த காற்சட்டையோடு மூலையில் நிற்கும். அந்த வெட்கம் நெடுநாள் மறையாது.

பெயரின் செய்தியும் இத்தகையதே. வீட்டிலே 'மனே' என்றும் செல்லப்பெயராலும் அழைக்கப்பட்ட பிள்ளை, ஆசிரியை இடாப்பிலிருந்து முழுப்பெயரை வாசிக்கும்போது, அது யாருடைய பெயரோ என்று பேசாதிருக்கின்றது. இரண்டொரு மாதங்களுக்கு முன்பிருந்தே வீட்டார் அப்பெயரை இடையிடையே சொல்லி அழைத்துவந்தால் இவ்விடர் இராது.

ஊட்டிய சோற்றையே உண்ட பிள்ளை தன் கையால் உண்ணும்போது பாதி நிலத்திற் சிந்தும்; சிந்தட்டும். சாப்பாட்டுப் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் பிள்ளை தானே திறக்கின்றதா என வீட்டிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கடையிலே மிக அழகாயிருக்கும் பெட்டி, சின்னஞ்சிறு விரல்களுக்குத் திறவாத பெட்டியாகவும் இருப்பதுண்டு.

இவையெல்லாம் எளியவை. கடினமானது பிரிவு. 'குழப்படி செய்தால் ரீச்சரிடம் பிடித்துக் கொடுப்பேன்' என்று மாதக்கணக்கில் வெருட்டிய தாயே, ஒரு காலையில் பிள்ளையை அந்த ரீச்சரிடம் விட்டுவருகின்றாள். பிள்ளை அலறுவதில் வியப்பென்ன? விளையாட்டிலே அது கண்ணாயிருக்கும் சமயம் பார்த்து மதிலோரமாக மறைந்துவிடுவதோ அதனினும் தீது. திரும்பிப் பார்த்துத் தாயைக் காணாத பிள்ளை, மறுநாள் அவள் சேலைத்தலைப்பைக் கணமேனும் விடாது. சொல்லிவிட்டுப் பிரிந்தால் அழுகை எழும். ஆனால் நம்பிக்கை அழியாது. அயல் வீட்டில் முதலில் அரைமணி நேரம், பின்னர் ஒருமணி நேரம் விட்டு, சொன்னபடி மீண்டு வந்து காட்டுவது நல்ல பயிற்சி.

'பதினொரு மணிக்கு வருவேன்' என்பது பிள்ளைக்கு விளங்காது. 'பெட்டியைத் திறந்து சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிந்ததும் வருவேன்' என்றால் விளங்கும். சொன்னால், அந்நேரத்துக்குச் சற்று முன்னரே படலையடியில் நிற்றல் வேண்டும். மார்கழி, தை மழையிலே வெள்ளம் வழிமறிக்கக்கூடிய படுவான்கரைக் கிராமங்களிலே தாய் வரப் பிந்தக்கூடும். அவ்வேளை அழைத்துச்செல்ல வருபவர் அம்மப்பாவா, மாமாவா என்பதை முதல்நாளிரவே பிள்ளைக்கும் ஆசிரியைக்கும் தெரிவித்துவிடல் நன்று.

முதல் வாரம் சிரித்துக்கொண்டு சென்ற பிள்ளை இரண்டாம் வாரம் அழத் தொடங்குவதும் உண்டு. பள்ளி என்பது ஒருநாட் புதுமையன்று, நாள்தோறும் செல்லவேண்டியதென்று அது அப்பொழுதுதான் அறிந்துகொள்கின்றது. அவ்வாரத்திலே 'இன்றைக்கு மட்டும் நிற்கட்டும்' என்று அம்மம்மா சொல்லுவார். அவரிடமும் முன்கூட்டியே பேசிவைத்தல் வேண்டும்.