டெஸ்டின் வாடகைப் படகு மீன்பிடிப்பு

டெஸ்டின் வாடகைப் படகு மீன்பிடிப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலுள்ள டெஸ்டின் நகரில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் கடல் மீன்பிடித் தொழிலாகும். பயணிகள் படகையும் அதன் ஓட்டுநரையும் சில மணி நேரத்திற்கோ ஒரு நாளுக்கோ வாடகைக்கு அமர்த்திக்கொள்வர். தூண்டில், இரை முதலியவற்றைப் பொதுவாகப் படகினரே வழங்குவர்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கனெடிகட் மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய லெனார்ட் டெஸ்டின் என்னும் மீனவரின் பெயரே ஊருக்கு வழங்கலாயிற்று. மீனவச் சிற்றூராக இருந்த இது 1984 இல் நகராட்சியானது. 1948 இல் தொடங்கப்பட்ட டெஸ்டின் மீன்பிடி ரோடியோ என்னும் போட்டி அக்டோபர் மாதத்தில் நடைபெறுகிறது.

அமைவிடம்

இங்கு ஆழ்கடல் கரைக்கு அருகில் உள்ளது. துறைமுக வாயிலிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலேயே கடல் 30 மீட்டர் ஆழத்தை எட்டுகிறது. எனவே அரைநாள் பயணத்திலும் ஆழ்கடல் மீன்களைப் பிடிக்க இயலும்.

படகு வகைகள்

சிறிய படகுகள் ஆறு பயணிகள் வரை ஏற்றிச் செல்லும். அதற்கு மேற்பட்டோரை ஏற்றும் படகுகள் அரசின் தனி ஆய்வுக்கு உட்பட்டவை. பெரிய பொதுப் படகுகளில் ஒவ்வொருவரும் தத்தம் இடத்திற்கு மட்டும் கட்டணம் செலுத்துவர்.

சிவப்புச் சங்கரா

பயணிகள் பெரிதும் விரும்பும் மீன் சிவப்புச் சங்கரா ஆகும். இது 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வயது முதிர்ந்த பெரிய பெண்மீன்கள் இளமீன்களைவிடப் பன்மடங்கு முட்டையிடும். இதனால் பெரிய மீன்கள் மிகுதியாகப் பிடிபட்டால் இனம் மீள நெடுங்காலம் ஆகும். இறால் இழுவலைகளில் குஞ்சுகள் சிக்கி இறந்ததும் இவ்வினம் குறைந்தமைக்கு ஒரு காரணமாகும்.

கட்டுப்பாடுகள்

ஒருவர் ஒரு நாளில் இரண்டு சிவப்புச் சங்கரா மீன்களையே வைத்துக்கொள்ளலாம். அவை 16 அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். 2003 முதல் கூட்டரசுக் கடற்பகுதியில் இத்தொழிலுக்குப் புதிய உரிமங்கள் வழங்கப்படுவதில்லை. பழைய உரிமங்களையே வாங்க முடியும். கூட்டரசு உரிமம் பெற்ற படகுகள், மாநிலக் கடற்பகுதியிலும் கூட்டரசு விதிகளையே பின்பற்ற வேண்டும். ஆகவே கூட்டரசுப் பருவம் முடிந்தபின் தனியார் படகுகள் மாநில நீரில் இம்மீனைப் பிடித்தபோதும் வாடகைப் படகுகள் பிடிக்க இயலவில்லை.

2014 இல் கூட்டரசுப் பருவம் ஒன்பது நாள்களாகச் சுருங்கியது. ஆண்டின் வருவாய்க்குக் கோடைகாலத்தை நம்பியிருந்த படகினரை இது வெகுவாகப் பாதித்தது. 2015 இல் வாடகைப் படகுகளுக்குத் தனி ஒதுக்கீடு அளிக்கப்பட்டு, அவற்றின் பருவம் 44 நாள்களாயிற்று. தனியார் படகுகளுக்கு 10 நாள்களே கிடைத்தன. இதனால் இவ்வொதுக்கீட்டைத் தனியார் மீன்பிடிப்பாளர் பலர் எதிர்த்தனர்.

ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை விரிவடைவதால், அளவில் சிறியது என்று திரும்ப விடப்படும் மீனும் மூழ்க இயலாமல் இறக்கக்கூடும். அதனை மீண்டும் ஆழத்திற்கு இறக்கும் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் வைத்திருப்பதை, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டம் கட்டாயமாக்கியது.

எண்ணெய்க் கசிவு

2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணற்று விபத்து நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து வளைகுடாவின் கூட்டரசுக் கடற்பகுதியில் 37 விழுக்காடு வரை மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது. கோடைப் பயணங்களை இழந்த படகினர் பலர் எண்ணெய் அகற்றும் பணிக்குத் தம் படகுகளை வாடகைக்கு அளித்தனர்.