ரோமாபுரி – 14: ஆட்டுப்பட்டியில் ஓட்டு

கி.மு. 54-ஆம் ஆண்டு, ஜூலை 15. ரோம் நகரில் கடன் வட்டி ஆண்டுக்கு 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக எகிறியது. (அந்த மாதத்துக்கு ஜூலை என்ற பெயர் அப்போது வந்திருக்கவில்லை. பெயருக்குரிய ஜூலியஸ் சீசர் பிரிட்டன்மீது படையெடுத்துப் போயிருந்தார்.) பஞ்சத்தாலோ போராலோ ஏறிய வட்டி அல்ல. தேர்தல் வட்டி.

கான்சல் என்ற தலைமைப் பதவிகள் இரண்டு. போட்டியில் நால்வர்: மெம்மியஸ், கால்வினஸ், ஸ்காரஸ், மெஸ்ஸாலா. வாக்காளர்களுக்குக் கொடுக்க ஆளாளுக்குக் கடன் வாங்கியதில் ஊரில் புரளும் பணமே தட்டுப்பாடாகிவிட்டது. நண்பர் அட்டிகஸுக்கும் தம்பி குயின்டஸுக்கும் எழுதிய கடிதங்களில் அரசியல்வாதி சிசரோ இந்தக் கூத்தை வரிவரியாகப் பதிந்து வைத்திருக்கிறார். முதலில் ஓட்டுப் போடும் தொகுதிக்கு மட்டுமே 1 கோடி செஸ்டர்ஸ் நாணயங்கள் வரை கொடுக்கத் தயாராக இருந்தார்களாம். சீசர் பின்னால் சம்பளத்தை உயர்த்திய பிறகும் ஒரு ரோமானியப் படைவீரனுக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 900 செஸ்டர்ஸ்தான். அந்தக் கணக்கில் 11,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம் அது.

முதல் தொகுதிக்கு ஏன் அவ்வளவு விலை?

கான்சலைத் தேர்ந்தெடுக்கும் சபையில் தலைக்கு ஒரு ஓட்டு என்ற பேச்சே கிடையாது. குடிமக்கள் சொத்து மதிப்புப்படி 193 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள், தொகுதிக்குத்தான் ஓட்டு. குதிரை வீரர்களின் தொகுதிகள் 18. முதல் வகுப்புச் செல்வர்களுக்கு 70. தச்சர்களுக்கு ஒன்று. ஆக 89. பெரும்பான்மைக்கு வேண்டியது 97. அதாவது மேல்தட்டு ஒன்றாக நின்றால், இரண்டாம் வகுப்பிலிருந்து இன்னும் 8 தொகுதிகள் போதும், கதை முடிந்தது. பெரும்பான்மை கிடைத்த கணமே வாக்குப்பதிவை நிறுத்திவிடுவார்கள். சொத்தில்லாத அத்தனை பேரும் ஒரே ஒரு தொகுதியில், வரிசையின் கடைசியில். அவர்களுடைய ஓட்டுரிமையை யாரும் பறிக்கவில்லை. அவர்கள் முறை வரும்முன் பெரும்பாலும் தேர்தல் முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஓட்டுப் போடுவது எந்தத் தொகுதி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அதன் முடிவை உடனே அறிவித்துவிடுவார்கள். ரோமானியர்களுக்கு அது தெய்வ சகுனம். மற்ற தொகுதிகள் அதன் பின்னாலேயே சாயும். 1 கோடியின் ரகசியம் இதுதான்.

வாக்குப்பதிவு நகர எல்லைக்கு வெளியே மார்ஸ் மைதானத்தில் நடந்தது. தொகுதி தொகுதியாக மனிதர்களை அடைக்க வேலி போட்ட தடுப்புகள் இருந்தன. ஆட்டுப்பட்டி என்று ரோமானியர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கி.மு. 70-இல் எடுத்த கணக்கில் ஆண் குடிமக்கள் சுமார் 9 லட்சம் பேர். ஓட்டுப் போட வேண்டுமானால் இத்தாலியின் எந்த மூலையில் இருந்தாலும் ரோமுக்கு நேரில் வந்தாக வேண்டும். உழுகிற மாட்டை விட்டுவிட்டு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டே கிடையாது.

கி.மு. 139 வரை வாக்கை வாயால்தான் சொன்னார்கள். பட்டியின் வாசலில் நிற்பவரிடம் பெயரைச் சொன்னால் அவர் பலகையில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர் யார் என்பதுதான் விஷயம். ரோமில் எளியவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பெரிய மனிதர் உண்டு. விடிகாலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். வழக்கு என்றால் அவர் வாதாடுவார், கஷ்டம் என்றால் கொடுத்து உதவுவார். அவர் காதில் விழும்படி அவருக்கு எதிராக ஓட்டுச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கி.மு. 139-இல் கபினியஸ் என்ற மக்கள் பிரதிநிதி கொண்டுவந்த சட்டம் தேர்தலுக்கு ரகசிய வாக்கைத் தந்தது. மெழுகு பூசிய சிறு பலகையில் பெயரைக் கீறி, மரப்பாலம் ஒன்றில் ஏறி நடந்து பெட்டியில் போட வேண்டும்.

பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் பாலத்திலேயே வந்து நின்று, பலகையை எட்டிப் பார்த்தார்கள். 20 ஆண்டுகள் இது நடந்தது. கி.மு. 119-இல் மக்கள் பிரதிநிதியாக இருந்த மாரியஸ், பாலத்தைக் குறுகலாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார். வாக்காளன் ஒருவன் போகலாம், கூட நிற்க இடமிருக்காது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு செனட் கொதித்தது. கான்சல் காட்டா அவரை அழைத்து விளக்கம் கேட்க வைத்தார். மாரியஸ் உள்ளே வந்து, எதிர்ப்பைக் கைவிடாவிட்டால் சிறைதான் என்று கான்சலையே மிரட்டினார். காட்டா பக்கத்திலிருந்த மெட்டெல்லஸின் கருத்தைக் கேட்டார். மெட்டெல்லஸ் எழுந்து கான்சலை ஆதரித்தார். உடனே மாரியஸ் வெளியே நின்ற காவலரைக் கூப்பிட்டு, ‘இவரைச் சிறைக்குக் கொண்டு போ’ என்றார். மற்ற மக்கள் பிரதிநிதிகளிடம் மெட்டெல்லஸ் முறையிட்டும் ஒருவரும் வரவில்லை. செனட் பணிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மாரியஸின் குடும்பம் தலைமுறையாக அண்டி நின்றது அதே மெட்டெல்லஸ் வீட்டைத்தான். அந்த வீட்டின் ஆதரவில்தான் மாரியஸ் பதவிக்கே வந்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் புளூட்டார்க். நன்றி கெட்டவன் என்று எத்தனை திண்ணைகளில் பேசியிருப்பார்கள்!

பாலம் குறுகியதும் பெரிய மனிதரின் கண் போயிற்று. அந்த இடத்துக்குப் பணம் வந்தது என்பது என் கணிப்பு. அதட்டி வாங்க முடியாத ஓட்டை வேறு எப்படி வாங்குவது? சிசரோவுக்கே இந்த ரகசிய வாக்கு பிடிக்கவில்லை. பலகை மக்களிடமே இருக்கட்டும், ஆனால் போடுமுன் நல்ல குடும்பத்துப் பெரியவர்களிடம் காட்டட்டும் என்று தம் நூலில் யோசனை சொல்கிறார்!

பணம் கொடுப்பதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. பேசிய தொகையை நடுவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு பகுதிவாரியாகப் பட்டுவாடா செய்ய ஆட்கள் இருந்தார்கள். சட்டங்களுக்கும் குறைவில்லை. கி.மு. 63-இல் சிசரோ கொண்டுவந்த சட்டம் லஞ்சத்துக்கு 10 ஆண்டு நாடு கடத்தலை விதித்தது. ஒன்பதே ஆண்டில் வட்டி இரட்டிப்பாகிறது என்றால், யார் பயந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 54-இல் மக்கள் பிரதிநிதி பதவிக்கு நின்றவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல், ஆளுக்கு 5 லட்சம் செஸ்டர்ஸை நேர்மைக்குப் பெயர்போன கேட்டோவிடம் கட்டினார்கள். ஒழுங்கு தவறுகிறவர் அதை மற்றவர்களுக்கு இழக்க வேண்டும். கேட்டோ வாக்குப்பதிவு அன்று பக்கத்திலேயே நின்று ஒருவரைப் பிடித்தும்விட்டார். மற்றவர்கள், பிடிபட்டதே தண்டனை, பணம் வேண்டாம் என்றார்களாம்.

கான்சல் போட்டியாளர்களுக்கு அந்த வெட்கமும் இல்லை. மெம்மியஸும் கால்வினஸும் பதவியில் இருந்த இரு கான்சல்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களை ஜெயிக்க வையுங்கள். நிறைவேறாத சட்டம் ஒன்று நிறைவேறியதைக் கண்ணால் பார்த்தோம் என்று சொல்ல மூன்று குறிசொல்லும் பூசாரிகளைப் பிடித்துத் தருகிறோம், தராவிட்டால் பணம். கடைசியில் மெம்மியஸே அந்த ஒப்பந்தத்தை செனட்டில் வாசித்துவிட்டார். நால்வர் மீதும் லஞ்ச வழக்கு. தேர்தல் தள்ளித்தள்ளிப் போய் அடுத்த ஆண்டு ஜூலை வரை ரோமுக்குக் கான்சலே இல்லை. பிறகு ஜெயித்தவர்கள் கால்வினஸும் மெஸ்ஸாலாவும். மெம்மியஸ் தண்டிக்கப்பட்டு ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தார். பதவி ஆசை வேண்டாம் என்று பாடிய லுக்ரீஷியஸ் தம் காவியத்தை இந்த மெம்மியஸுக்குத்தான் காணிக்கையாக்கியிருந்தார்.

அதே கி.மு. 54-இல் ஆட்டுப்பட்டியைப் பளிங்கில் கட்டச் சீசர் திட்டமிட்டார். தளபதி அக்ரிப்பா அதை கி.மு. 26-இல் முடித்தபோது பேரரசர் அகஸ்டஸின் ஆட்சி. தேர்தலில் யார் வருவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கி.பி. 14-இல் அடுத்த பேரரசர் டைபீரியஸ் தேர்தலைச் செனட்டுக்கே மாற்றினார். பளிங்குப் பட்டியில் வாள்வீரர் சண்டையும், பிற்காலத்தில் ஆடம்பரக் கடைகளும் நடந்தன.

சிற்றூர்களில் மட்டும் தேர்தல் சூடு ஆறவில்லை. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரச் சுவர்களில் 2,500-க்கும் மேற்பட்ட தேர்தல் விளம்பரங்கள் கிடைத்திருக்கின்றன. சுவருக்கு வெள்ளையடிக்க ஒருவர், விளக்குப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர். நிலா வெளிச்சத்தில் தனியாளாக எழுதியதாக எமிலியஸ் கெலர் பெருமையாகக் கையெழுத்தே போட்டிருக்கிறார். பழ வியாபாரிகள், கோவேறு கழுதை ஓட்டிகள், பொற்கொல்லர்கள் என்று ஆதரவு அறிவிப்புகள். ஓட்டில்லாத மதுக்கடைப் பெண்கள்கூட ஒருவரை ஆதரிக்கிறார்கள். வாட்டியா என்ற வேட்பாளருக்குத்தான் பரிதாபம்: சில்லறைத் திருடர்கள், ராத்திரி முழுக்கக் குடிப்பவர்கள், தூங்குமூஞ்சிகள் சங்கம் என மூன்று தரப்பும் அவருக்கு ஓட்டுக் கேட்கின்றன. எதிராளியின் வேலை என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, வாட்டியாவின் சொந்த நண்பர்கள்மேல்தான் சந்தேகம்.

(தொடரும்)