நன்கொடை வேறு, உரிமை வேறு

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றதும் பள்ளிக் கட்டடமும் மருத்துவ முகாமும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கு உழைப்போரின் உரிமைகளும் அதில் அடங்குமா?

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியின் வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. அங்கு ஒரு காலத்தில் 'சாப்பா' முறை நிலவியது. வேலை தேடி வந்தோர் கூட்டத்தினிடையே உலோக வில்லைகள் வீசப்படும். முட்டி மோதி அவற்றைக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினர். 1953 செப்டம்பர் 15 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கப்பல்துறைத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-லேயே இயற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் கொச்சிக்கான திட்டம் வந்ததோ 1959-இல். பெயரைப் பதிவுசெய்து, முறைவைத்து வேலை வழங்குவதே அதன் அடிப்படை. வீசியெறியப்பட்ட தயவு, உரிமையாக மாறத் தொடங்கியது.

இவ்வேறுபாட்டை இன்றைய சட்டமும் பேணுகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட வரம்பை எட்டிய நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்த ஊழியர்களுக்கான நலச் செலவும், பிற சட்டக் கடமைகளுக்கான செலவும் அக்கணக்கில் சேரா. உரிய ஊதியமும் பணியிடப் பாதுகாப்பும் கொடையல்ல. அதற்கு முந்தைய கடமை.

பங்குகளில் முதலீடு செய்வோர் இதனை அறிய வழியுண்டு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள், செபியின் விதிப்படி 2022-23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை வெளியிடுகின்றன. நிரந்தரமல்லாத தொழிலாளர் எத்தனை பேர், குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கிறதா, விபத்துகள் எத்தனை என்பன அதில் இடம்பெறும். நன்கொடைப் பட்டியலுக்கு முன் அப்பக்கங்களை நாம் வாசிப்போம்.