கிணற்றடிப் பொத்தான்களும் அவற்றின் விளக்குகளும்

நீலகிரியில் பைக்காரா மின்சாரத் திட்டம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின், கோயமுத்தூர் ஜில்லாவின் கிணறுகளில் மாடு பூட்டிய கவலைகள் இருந்த இடத்தில் மின்சாரப் பம்புகள் படிப்படியாக வந்தன. கவலை ஓடுகிறதா, நிற்கிறதா என்பதை மாட்டைப் பார்த்தே அறியலாம். இக்காலத்திலோ பல இடங்களில் மோட்டார் ஆழத்தில் நீருக்குள் மூழ்கியிருக்கின்றது. மேலே நிற்கும் குடியானவருக்குக் கண்ணாக உதவுவது, ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள பொத்தானும் அதில் ஒளிரும் சிறு விளக்குமேயாகும். அவ்விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாது நம்புவதனால் மோட்டார் கருகிப்போவதுண்டு. உயிருக்கே அபாயம் நேருவதும் உண்டு.

பொத்தானின் அமைப்பு

ஒளிரும் பொத்தான் மூன்று பாகங்களை உடையது. விரல்படும் தலை, ஒளி ஊடுருவும் வண்ண மூடியாகும். அதன் பின்னே சிறு விளக்கும், மின்சார இணைப்பைச் சேர்க்கவோ பிரிக்கவோ செய்யும் கட்டையும் உள்ளன. இவற்றைப் பொருத்தும் துவாரம் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அளவினது. ஆகையால் ஒரு கம்பெனியின் பொத்தான் பழுதானால் வேறொன்றை அவ்விடத்தில் வைப்பது எளிது.

ஓட்டும் பொத்தான், தவறிக் கைபட்டு அழுந்தாதபடி வளையத்துக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். நிறுத்தும் பொத்தானோ அவசரத்தில் உடனே அகப்படும்படி வெளியே நீண்டிருத்தல் வேண்டும். ஓட்டும் பொத்தானின் இணைப்பு எப்பொழுதும் பிரிந்திருந்து, அழுத்தும்போது மட்டும் சேரும். நிறுத்தும் பொத்தானின் இணைப்பு எப்பொழுதும் சேர்ந்திருந்து, அழுத்தும்போது பிரியும். இதன் காரணம் கவனிக்கத்தக்கது: நிறுத்தும் பொத்தானுக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டால், மோட்டார் தானே நின்றுவிடும், நிறுத்த முடியாத நிலை ஏற்படாது.

ஓட்டும் பொத்தானை அழுத்தியவுடன் காண்டாக்டரின் சுருள் காந்தமாகி இணைப்புகளைச் சேர்க்கின்றது. விரலை எடுத்த பின், காண்டாக்டரோடு கூடவே அசையும் துணை இணைப்பு அச்சுருளுக்கு மின்சாரத்தை அளித்துவரும். மின்சாரம் நின்றால் பிடி விடுபடும். அது திரும்பி வந்தாலும் ஒருவர் அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போருக்கு இப்பாதுகாப்பு இல்லை என்பதை மறத்தலாகாது.

விளக்கின் வகைகள்

முற்காலத்தில் இழை பல்பு உபயோகிக்கப்பட்டது. அது சூடேறும், அதிர்ச்சியில் இழை அறுந்துபோகும். அடுத்து வந்த நியான் விளக்கு மிகச் சொற்ப மின்சாரத்தில் எரியும். ஆனால் அதன் ஒளி செம்மஞ்சளாதலின் பச்சை, நீல மூடிகளின் வழியே நன்கு தோன்றாது. 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் எல்.ஈ.டி.யைச் செய்து காட்டினார். பிரகாசமான நீல எல்.ஈ.டி. 1990-க்குப் பின்னரே கிடைத்தது. இப்பொழுது இவ்வகையே சிறந்தது. சூடு குறைவு, ஆயுள் நீண்டது, அதிர்ச்சியைத் தாங்கும்.

விளக்கு எங்கே இணைந்துள்ளது?

ஒரே நிற விளக்கு, அது இணைக்கப்பட்டுள்ள இடத்திற்கேற்ப வெவ்வேறு பொருள்படும். உள்ளே வரும் கம்பிகளில் இணைத்தால், மின்சாரம் பெட்டிக்கு வந்துள்ளது என்பதையே அது காட்டும். காண்டாக்டரின் சுருளோடு இணைத்தால், ஓடும்படி கட்டளை சென்றுள்ளது என்பதைக் காட்டும். கட்டளை நிறைவேறியதா என்பதைக் காட்டாது. துணை இணைப்பின் வழியே இணைத்தால், காண்டாக்டர் உண்மையாகவே அசைந்துள்ளது என்று தெரியும். ஆயினும் கிணற்றுக்குள் கம்பி அறுந்திருந்தாலும், நீர் வற்றியிருந்தாலும், அவ்விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே விளக்கோடு ஆம்பியர் மீட்டரையும், குழாயில் விழும் நீரையும் சேர்த்துப் பார்த்தலே முறை.

மூன்று பேஸ்களுக்குரிய சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகளைக் குறித்து மற்றோர் எச்சரிக்கை அவசியம். மோட்டார் ஓடும்போது ஒரு பேஸ் நின்றுவிட்டால், சுழலும் மோட்டாரே அந்தக் கம்பியில் மின் அழுத்தத்தை உண்டாக்கும். அதனால் அந்த விளக்கு அணையாமலே இருக்கக்கூடும். மற்ற இரு பேஸ்களில் மின்சாரம் மிகுந்து பாய்ந்து சுருள்கள் கருகும். இதற்கு விளக்குப் போதாது. ஒற்றைப் பேஸ் தடுப்புக் கருவியும், சரியாகத் திருத்திவைத்த ஓவர்லோட் ரிலேயும் பொருத்துதல் வேண்டும்.

அணைந்த விளக்கை நம்பலாகாது

பல்பு போயிருந்தாலும், அதன் கம்பி கழன்றிருந்தாலும், பெட்டியில் மின்சாரம் இருக்கும்போதே விளக்கு இருண்டிருக்கும். மூன்று பேஸ் மோட்டாருக்கு வருவது சுமார் 415 வோல்ட்டாகும். விளக்கு எரியாததைக் கண்டு, ஈரக் காலோடு பெட்டிக்குள் கைவிடுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். மாறாக, நெடுந்தூரம் செல்லும் கம்பிகளில் தூண்டப்படும் சொற்ப மின்சாரத்தினாலும் நியானும் எல்.ஈ.டி.யும் மங்கலாக ஒளிர்வதுண்டு. இதற்கு, விளக்கோடு இணையாக ரெஸிஸ்டர் அமைந்த வகையை வாங்குதல் தகும்.

நிறங்களின் குழப்பம்

மின்சார நிலையங்களின் ஸ்விட்ச் பலகைகளில், சிவப்பு விளக்கு இணைந்திருப்பதையும் பச்சை விளக்கு துண்டித்திருப்பதையும் குறிப்பது நெடுநாளைய வழக்கம். யந்திரங்களுக்கான சர்வதேச விதியாகிய ஐ.ஈ.சி. 60204-இலோ பச்சை விளக்கு சரியான நிலையையும், சிவப்பு அபாயத்தையும் குறிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவை. எனவே ஒவ்வொரு பொத்தானின் கீழும் "ஓட்டு", "நிறுத்து" எனவும், விளக்கின் கீழ் அதன் பொருளையும் தமிழில் எழுதிவைத்தல் நலம். சிவப்பு, பச்சை வேற்றுமை தெரியாத கண்ணுடையோருக்கும் இது பேருதவியாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வெயில் நேரே பட்டால் விளக்கு எரிவது தெரியாது. பெட்டியை நிழலில், கண்மட்டத்தில் பொருத்துக.

2. பொத்தானைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கெட்டால் உடனே மாற்றுக. உபயோகமற்ற துவாரங்களை அடைத்துவிடுக. பல்லியும் எறும்பும் நுழைவது இவற்றின் வழியே.

3. இருண்ட விளக்கை அறுவடை முடியட்டும் என்று விட்டுவைக்காது மாற்றுவிக்க.

4. பெட்டியைத் திறக்குமுன் மெயின் ஸ்விட்சை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றித் தம் வசம் வைத்துக்கொள்க. டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் சோதித்து, பின் மூன்று பேஸ்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பழுது பார்க்கும் வேலையை லைசென்ஸ் பெற்ற வயர்மேனிடமே விடுக.

ஊர்ப் பொதுக் குடிநீர்ப் பம்புகளைப் பலர் மாறி மாறி ஓட்டுவதால், மேற்படி விஷயங்கள் அங்கே இன்னும் முக்கியமானவை. கிராம உத்தியோகஸ்தர்கள் மாதம் ஒருமுறை பெட்டியை வெளியிலிருந்து பார்வையிட்டு, நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்கிறதா என்று சோதித்துவருவார்களாயின், செலவில்லாமலே பெரும் தீங்கு தவிர்க்கப்படும்.